ஜாடி, சீட்டு, அந்துருண்டை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. கல்லூரி அலமாரியில் மிதக்கும் பாம்பு, தாத்தா வீட்டுச் சுவரில் மான் தலை, காகிதத்தில் ஒட்டிய செடி, இப்படி. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் விலங்கியல் துறையில் ஐம்பது அறுபது வருடமாகச் சேர்ந்த ஜாடிகள் இருக்கின்றன. பலவற்றில் திரவம் வற்றிவிட்டது, சிலவற்றில் லேபிள் உதிர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் லேபுக்காக அந்த அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?
– உதவிப் பேராசிரியை, விருதுநகர்

முதல் வேலை, எதையும் நகர்த்தாமல் ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே போட்டோ எடுங்கள். உதிர்ந்த சீட்டு எந்த ஜாடிக்குக் கீழே கிடக்கிறதோ பெரும்பாலும் அந்த ஜாடியுடையதாகத்தான் இருக்கும், இடம் மாறிவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது. அடுத்தது பழைய பதிவேடு. துறைத் தலைவர் அறை பீரோவிலோ ஸ்டோர் ரூமிலோ காலிகோ அட்டை போட்ட ஒரு தடி நோட்டு இருக்கும், அதில் ஜாடி எண்ணும் வந்த தேதியும் இருக்கும். அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பதிவேட்டில் இல்லாதது அவர் ஞாபகத்தில் இருக்கும்.

எதை வைத்துக்கொள்வது என்பதில் பலர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். படமெடுத்த நாகப்பாம்பு பார்க்க நன்றாக இருக்கிறது என்று அதைக் காப்பாற்றிவிட்டு, விரல் நீள மீன்கள் நாலு கிடக்கிற கலங்கிய பாட்டிலைக் குப்பையில் போடுவார்கள். நாகம் அநேகமாகப் பாடம் நடத்த சப்ளையரிடம் வாங்கியது, எந்த ஊர் பாம்பு என்று எழுதியிருக்காது. மீன் பாட்டிலில் ‘இன்ன கண்மாய், 12.8.1964, இன்னார் பிடித்தது’ என்று ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் கண்மாய் இப்போது பேருந்து நிலையமாகவோ கருவேலங்காடாகவோ ஆகியிருக்கலாம், அதில் என்ன மீன் இருந்தது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இருக்காது. இடமும் தேதியும் உள்ளவை முதல் வரிசை, அதில் ஒன்று மட்டும் உள்ளவை அடுத்தது, இரண்டும் இல்லாதவை மாணவர்கள் கையில் கொடுத்துப் பாடம் நடத்த.

இனி திரவம். பாட்டிலைத் திறந்து மூக்கை வைத்துப் பார்க்கிற பழக்கம் நம் லேபுகளில் உண்டு, அது வேண்டவே வேண்டாம். ஃபார்மலின் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். ஜன்னலைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு, திரவத்தின் கனத்தைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாருங்கள். ஆல்ககால் தண்ணீரைவிட லேசு, ஃபார்மலின் சற்றுக் கனம், அதிலேயே தெரிந்துவிடும். ஆல்ககால் ஜாடியில் மட்டம் இறங்கியிருந்தால் மேலே வழக்கமான 70 சதவீத ஆல்ககாலை ஊற்றி நிரப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரைவிட ஆல்ககால்தான் சீக்கிரம் ஆவியாகிறது, எனவே அடியில் மிஞ்சியிருப்பது ஏற்கனவே நீர்த்துப்போனது. அளந்து பார்த்து வலுவைக் கூட்ட வேண்டும், அல்லது மொத்தமாக மாற்ற வேண்டும். முழுக்க வற்றிக் கருவாடாகிவிட்டதில் ஸ்பிரிட்டைக் கடகடவென ஊற்றாதீர்கள், அதற்கு மெதுவாக ஈரமேற்றும் முறை தனியாக இருக்கிறது, தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஃபார்மலினில் வருடக்கணக்காக விட்டுவைத்தால் அது புளித்து அமிலமாகி, நத்தை ஓட்டிலும் சின்ன மீனின் எலும்பிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதனால் திசு கெட்டிப்படும் வரைதான் ஃபார்மலின், பிறகு தண்ணீரில் நன்றாக அலசி 70 சதவீத ஆல்ககாலுக்கு மாற்றுவதுதான் முறை. இந்த ஆல்ககாலுக்கான ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும், அந்த ஃபைல் நகர்வதற்குள் இன்னும் பத்து ஜாடி வற்றும், ஆகவே விண்ணப்பத்தை இன்றைக்கே போடுங்கள். பழைய ஃபார்மலினை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், ரசாயனக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும்.

லேபிள் ஜாடிக்கு உள்ளேயும் இருக்க வேண்டும். கெட்டியான தாளில் பென்சில் அல்லது இண்டியன் இங்க். பால்பாயின்ட் கரைந்துவிடும், லேசர் பிரிண்டர் எழுத்து ஆல்ககாலில் கொஞ்ச நாளில் தோலுரிந்து மிதக்கும். பழைய சீட்டில் பெயர் தப்பாக இருந்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள், திருத்திய சீட்டைப் பக்கத்திலேயே போடுங்கள். உங்களால் வைத்துப் பராமரிக்கவே முடியாது என்றால், சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பட்டியலும் போட்டோவும் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள், வேனில் ஏற்றி வாசலில் இறக்காதீர்கள்.

கேள்வி: ஒரே குருவியை நூறு நூறாகக் கொன்று அடுக்கி வைப்பது எந்த வகை ஆராய்ச்சி? ஒன்று போதாதா?
– வாசகர், காரைக்கால்

கோபம் நியாயம்தான். இன்று பறவைகளை அந்தக் கணக்கில் யாரும் சுடுவதில்லை, சுடவும் விடமாட்டார்கள். ஆனால் சேர்ந்துவிட்ட நூறு எதற்கு உதவியது என்று பாருங்கள்.

பிரிட்டனில் பெரிகிரின் வல்லூறுகள் ஏன் கூட்டிலேயே முட்டையை உடைக்கின்றன என்று தெரியாமல் திணறியபோது, டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பொழுதுபோக்குக்காகப் பலர் சேர்த்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து எடைபோட்டார், அளந்தார். 1940களின் பிற்பாதியில், டிடிடி பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த அந்த வாக்கில், ஓடு சட்டென்று மெலிந்திருந்தது. 1967இல் அதை வெளியிட்டார். ஒரு முட்டை இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, வருடவாரியாகப் பல முட்டைகள் இருந்ததால் தெரிந்தது. 2017இல் சிகாகோவில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் 135 வருடத்துப் பறவைத் தோல்கள் 1,300க்கும் மேல் எடுத்து, வயிற்று இறகில் படிந்த கரியை ஒப்பிட்டு, அமெரிக்கத் தொழிற்பகுதியின் காற்று எந்தக் காலத்தில் எவ்வளவு புகை பிடித்திருந்தது என்று கணக்கெடுத்தார்கள். அந்தப் பறவைகளைச் சேகரித்தவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு உபயோகம் வரும் என்று கனவிலும் தோன்றியிருக்காது.

கேள்வி: அருங்காட்சியகக் கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் பறவைகள்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறவையா?
– பள்ளி மாணவி, எழும்பூர்

பெரும்பாலும் இல்லைம்மா. கிளையில் உட்கார்ந்து கண்ணாடிக் கண்ணால் முறைப்பது நீ பார்ப்பதற்கு. ஆராய்ச்சிக்கானது உள்ளே இழுப்பறையில் மல்லாந்து படுத்திருக்கும், இறக்கை ஒட்டி மடங்கியிருக்கும், கண்ணில் வெறும் பஞ்சு, காலில் நூலால் கட்டிய சீட்டு. அழகே இருக்காது. ஆனால் அந்தச் சீட்டில்தான் சரக்கு.

கேள்வி: பழைய லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

‘ஃபாரஸ்ட் ஔலெட்’ என்ற ஒரு சின்ன ஆந்தை மத்திய இந்தியாவில் உண்டு. 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் அதற்குப் பெயர் வைத்தார், காங்கிரஸைத் தொடங்கியதில் முன்னே நின்ற அதே ஹ்யூம்தான். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏழே ஏழு தோல்கள். ஆறு 1870, 80களில் கிடைத்தவை. ஏழாவதில் மட்டும் 1914, குஜராத் மாண்ட்வி என்று எழுதியிருந்தது, சேகரித்தவர் பெயர் கர்னல் ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹேகன். பெரிய ராணுவ அதிகாரி, பெரிய பறவை நிபுணர், யார் சந்தேகப்படுவார்கள்? அந்தச் சீட்டை நம்பி ஆந்தையைத் தேடிப் போனவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள், இனமே அழிந்துவிட்டது போல என்று முடிவுகட்டும் நிலை வந்தது.

பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் அந்தத் தோலை எக்ஸ்ரே எடுத்துத் துருவியபோது குட்டு வெளிப்பட்டது. பறவையைப் பாடம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் இருக்கும், பஞ்சை எப்படி அடைப்பது, எங்கே தையல் போடுவது என்று. மேலே புதிதாக அடைத்திருந்தாலும் உள்ளே தெரிந்தது ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பழைய அதிகாரியின் கைப்பழக்கம், அவர் அதைச் சேகரித்தது 1880களில், கான்தேஷ் பகுதியில். மைனெர்ட்ஸ்ஹேகன் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடி, பிரித்துத் திரும்ப அடைத்து, தன் பெயரில் புதுச் சீட்டு கட்டியிருக்கிறார். இதேபோல் இன்னும் பல. சரி, பொய்ச் சீட்டைக் கழித்துவிட்டு உண்மைச் சீட்டுகள் காட்டும் ஊர்களில் தேடுவோம் என்று போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, இலையுதிர்ந்த ஒரு மரத்தில், பட்டப்பகலில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. கடைசி உண்மையான மாதிரி 1884இல் கிடைத்தது, நடுவில் 113 வருடம்.

ஆகவே நம்பலாம், ஆனால் சரிபார்த்துவிட்டு. கையெழுத்து அதே ஆளுடையதா, அந்தத் தேதியில் அவர் அந்த ஊரில்தான் இருந்தாரா, நாட்குறிப்பிலும் பதிவேட்டிலும் அதே எண் வருகிறதா என்று மூன்றையும் பார்த்தால் முக்கால்வாசிப் பொய் பிடிபடும்.

சீட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தைச் சொல்லலாம். 2009 ஜூனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் ராத்திரியில் ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டான். எதற்கு? மீன்தூண்டிலில் கட்டுகிற அலங்காரப் பொய் ஈக்களுக்கு அந்த இறகு வேண்டுமாம். போலீஸ் மீட்டபோது பல தோல்களில் சீட்டைக் கழற்றி எறிந்திருந்தான். பறவை திரும்பி வந்தும் ஆராய்ச்சிக்கு அது இல்லாததுதான்.

கேள்வி: தாத்தா காலத்து மான் தலை, சிறுத்தைத் தோல் வீட்டில் இருக்கின்றன. தூசி தட்டிச் சுத்தம் செய்யலாமா?
– வாசகி, புதுக்கோட்டை

வெறும் கையால் தொடாதீர்கள், தட்டவும் தட்டாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்பு பூசுவார்கள், பாஷாணம்தான், வருடம் ஆனாலும் வீரியம் போகாது. குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். அதைவிட முக்கியம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். யாராவது விலைக்குக் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள், விற்பது குற்றம்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் (உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகளின் தொகுப்பு) உள்ள செடிகளை எல்லாம் எக்ஸெலில் ஏற்றச் சொல்லி மாணவர்களிடம் கொடுத்திருக்கிறோம். வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?
– தாவரவியல் துறை, தஞ்சாவூர்

எக்ஸெல் போதும், எக்ஸெலை நம்பாமல் இருந்தால். 5/6/28 என்று லேபிளில் இருப்பதை அப்படியே தட்டினால் அது 2028 ஆக்கிவைக்கும், உங்கள் செடி இனிமேல்தான் பறிக்கப்படப் போகிறது. அது ஜூன் 5ஆ, மே 6ஆ என்பது இன்னொரு குழப்பம். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஒப்புக்கொள்ளாது. எனவே நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள், வருடத்தை நாலு இலக்கத்தில்.

ஊர்ப் பெயரில்தான் நிஜமான தலைவலி. ‘கொடைக்கானல், மதுரா டிஸ்ட்ரிக்ட்’ என்று பழைய தாளில் இருக்கும், மாணவர் கெட்டிக்காரத்தனமாக அதைத் திண்டுக்கல் மாவட்டம் என்று மாற்றிவிடுவார். 1985இல் திண்டுக்கல் பிரிந்தது என்பதால் அது சரிதான், கொடைக்கானல் விஷயத்தில். ஆனால் வெறும் ‘மதுரா டிஸ்ட்ரிக்ட்’ என்று மட்டும் இருந்தால்? அது இன்றைய மதுரையாக இருக்கலாம், திண்டுக்கல்லாக இருக்கலாம், 1996இல் பிரிந்த தேனியாகவும் இருக்கலாம். ‘புல்னீஸ்’ என்றால் பழநி மலை என்பது தாவரவியல்காரர்களுக்குத் தெரியும், டேட்டா என்ட்ரி செய்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒரு கட்டத்தில் லேபிளில் இருப்பதை எழுத்துப் பிழை உட்பட அப்படியே ஏற்றுங்கள். பக்கத்துக் கட்டத்தில் நீங்கள் புரிந்துகொண்டதை எழுதுங்கள், யார் எப்போது அப்படி முடிவு செய்தார் என்பதையும். அட்சரேகை தீர்க்கரேகை போடும்போது எத்தனை கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரு எண்ணையும் சேர்த்து எழுதாவிட்டால், மாவட்டத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி விழும், பிறகு யாரோ ஒருவர் அந்தப் புள்ளியை நம்பிச் சோளக்கொல்லையில் ஆர்க்கிட் தேடிக்கொண்டிருப்பார்.

கட்டங்களின் தலைப்பை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு வைக்காதீர்கள். ‘டார்வின் கோர்’ என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட தலைப்புகள் இருக்கின்றன, அதன்படி வைத்தால் நாளைக்கு ஜிபிஐஎஃப் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றுவது சுலபம். அப்புறம், முதலில் போட்டோ, பிறகு தட்டச்சு. போட்டோ இருந்தால் தட்டச்சுப் பிழையைத் தாளைத் தொடாமலே திருத்தலாம். மழைக்காலத்தில் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தால் இலை நொறுங்குவதுதான் மிச்சம்.

கேள்வி: செடித் தாள்களில் சின்னச் சின்ன ஓட்டை, அடியில் பழுப்புத் தூள். அந்துருண்டை போட்டும் நிற்கவில்லை.
– அதே துறை, இன்னொரு கடிதம்

அது உங்கள் வீட்டு மல்லித்தூள் டப்பாவிலும் மஞ்சள் கிழங்கிலும் வருகிற அதே செம்பழுப்பு வண்டுதான், எள்ளளவு இருக்கும், காய்ந்த செடி என்றால் அதற்கு விருந்து. அந்துருண்டை வாசனையால் அதைச் சாகடிக்க முடியாது, உங்களுக்குத்தான் தலைவலி வரும். உறைய வைப்பதுதான் வழி. தாள்கட்டைப் பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் ஆவலில் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். புதிதாக வரும் எந்தத் தாளும் ஃப்ரீசர் வழியாகத்தான் அலமாரிக்குள் போக வேண்டும் என்று சட்டம் போடுங்கள். பழைய தாள்களில் பாதரச மருந்து பூசியிருப்பார்கள், கை கழுவாமல் டிஃபன் டப்பாவைத் திறக்காதீர்கள்.

மேலே சொன்ன ஹ்யூம், சிம்லாவில் பறவைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். வண்டு அரித்ததால் அவரே கழித்துப் போட்டது சுமார் 20,000. அது போக எண்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சி லண்டனுக்குப் போனது வேறு விஷயம். அவருடைய குறிப்புகளை வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்குக் கடைத்தெருவில் போட்டுவிட்டார், மனிதர் அத்தோடு பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

கேள்வி: தீப்பிடித்தால் எல்லாம் போய்விடுமே, என்ன செய்வது?
– வாசகர், சேலம்

போய்விடும். 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே ராத்திரியில் எரிந்தது, 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம். ரியோவில் எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஓடிய ஊழியர்கள் நத்தை, சிப்பி வகைகளின் மூல மாதிரிகளை, அதாவது ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டியவற்றை, முடிந்தவரை வெளியே கொண்டுவந்தார்கள். எந்த அலமாரி என்று தெரிந்திருந்ததால் முடிந்தது. உங்களிடம் மூல மாதிரி இருந்தால் கதவுப் பக்கம் தனி அலமாரியில் வையுங்கள். தரைத்தளம் நல்லது, ஆனால் ஆற்றங்கரையாக இருக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து கல்கத்தாவிலிருந்து விலங்கியல் ஆய்வகத்தைக் காசிக்கு மாற்றினார்கள், 1943இல் வருணை நதி வெள்ளம் வந்து சேதப்படுத்தியது.

கேள்வி: மலையில் நான் பார்த்த ஒரு செடி புது இனம் என்று தோன்றுகிறது. மாதிரியை என் வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு கட்டுரை எழுதலாமா?
– முதுகலை மாணவர், தென்காசி

முடியாது தம்பி. 1990 முதல், புதுச் செடி இனத்துக்குப் பெயர் வைக்கும்போது மூல மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும், வீட்டு பீரோ செல்லாது. 2002 பல்லுயிர்ச் சட்டமும் புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் கொடுக்கச் சொல்கிறது. காட்டுக்குள் பறித்தது வன அனுமதியோடுதானா என்பதை முதலில் சரிபார்த்துக்கொள், அனுமதி இல்லையென்றால் இப்போதைக்கு போட்டோவும் இடக்குறிப்பும் மட்டும் வைத்திருந்து அனுமதிக்கு விண்ணப்பி.

அனுமதி கிடைத்துப் பறிக்கும்போது, அந்த இடத்தில் செடி தாராளமாக இருந்தால் மட்டும் ஒன்றுக்கு மூன்றாக எடு, பூவும் காயும் இருக்கிறதாக. பூவின் நிறம், மரத்துப் பட்டையின் வாசனை, பால் வடிகிறதா என்பதையெல்லாம் அங்கேயே எழுது, காய்ந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்புதான். மழையில் செய்தித்தாள் காயாவிட்டால் செடி வைத்த தாள்கட்டை ஸ்பிரிட்டில் நனைத்துப் பாலிதீனில் கட்டி எடுத்து வரலாம், நிறம் போகும், செடி அழுகாது, ஆனால் டிஎன்ஏ எடுக்க அது உதவாது, அதற்குத் தனியாக ஒரு இலையை ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லில் போட்டுக்கொள். மூல மாதிரி கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போகட்டும், ஊர் கோவை, பெயர் மெட்ராஸ், குழம்பாதே. இன்னொன்று திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு, மூன்றாவது உன் கல்லூரிக்கு. மூன்றிலும் ஒரே சேகரிப்பு எண் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கோவைக்குப் போய் அங்கே இருக்கிற பழைய தாள்களோடு உன் செடியை ஒப்பிட்டுப் பார், நூறு வருடத்துக்கு முன்பே யாராவது பறித்து அந்த அலமாரியில் வைத்திருக்கக்கூடும்.